மனம் கனக்கும்போது கைக்கு என்ன வேலை கொடுப்பது? கடற்கரையில் கலை பழக வருகிறவர்களுக்கு

பாம்பனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் ஓவிய வகுப்புக்கு முதன்முறையாக வந்திருந்த ஓர் அக்காவிடம் தாளையும் பென்சிலையும் கொடுத்து, "மனதில் இருப்பதை அப்படியே வரையுங்கள், அக்கா" என்றேன். அவருடைய மகன் மீன்பிடிக்கப் போன இடத்தில் பிடிபட்டு, அக்கரையில், இலங்கையில், காவலில் இருந்த நாட்கள் அவை. அவர் படகு வரையத் தொடங்கினார். படகின் முன்பகுதியான அணியம் வந்தது. அதன்மேல் ஓர் ஆள் உருவம் வந்தது. உருவத்துக்கு முகம் போடப்போன இடத்தில் பென்சில் நின்றுவிட்டது. கை நடுங்கியது. கழுத்தெல்லாம் வியர்வை. மூச்சு மேல்நெஞ்சோடு நின்று நின்று வந்தது. "முடியவில்லை டீச்சர்" என்று எழுந்து போய்விட்டார்.

தவறு என்னுடையது. மனதில் இருப்பதைக் கொட்டினால் பாரம் குறையும் என்று எல்லோரும் சொல்வதை நானும் நம்பியிருந்தேன். கலை பழக வரும் புதியவருக்கு, அதுவும் மனம் கனத்து வருகிறவருக்கு, முதல் நாளில் கொடுக்கக் கூடாத வேலை அதுதான் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். முதலில் உடம்பு இறங்க வேண்டும். உடம்பை இறக்குவதற்குக் கைக்கு ஓர் ஒழுங்கான, திரும்பத் திரும்ப வருகிற வேலை வேண்டும். மனம் தானாகப் பின்னால் வரும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த வரிசையில்தான் போகிறது. ஓவியம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. வரையத் தெரியாது என்று சொல்கிறவர்களை நினைத்தே எழுதுகிறேன்.

உடம்புக்குள் நடப்பது

கவலை வந்தால் அது எங்கே வந்து உட்காருகிறது என்று வகுப்பில் கேட்பேன். ஒருவர் வயிற்றைத் தொட்டுக் காட்டுவார், இன்னொருவர் பிடரியை. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வலுத்த இரவில் கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டில் இருக்கும் பெண்களைக் கேட்டால், தாடை இறுகிக் காலையில் பல் வலிக்கும் என்பார்கள். எல்லாம் உண்மை. ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் பரிவு நரம்புகள் வேலையைக் கையில் எடுக்கின்றன. இதயத் துடிப்பு ஏறுகிறது, செரிமானம் தள்ளிவைக்கப்படுகிறது, தசைகள் ஓடவோ சண்டையிடவோ முறுக்கேறுகின்றன. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ஓடுவதற்கு இடமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு இந்த முறுக்கு முழுவதும் உள்ளேயே தங்கிவிடுகிறது.

கைவேலை இங்கே மூன்று வழிகளில் உதவுகிறது. மூளையின் புறணியில் உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் இடம் உண்டு. முதுகு முழுவதற்கும் இருப்பதைவிடக் கைவிரல்களுக்கான இடம் மிகப் பெரியது. விரல்கள் நுணுக்கமாக இயங்கும்போது புறணியின் ஒரு பெரிய பகுதி அந்த வேலையில் ஈடுபடுகிறது. அதே கவலையைச் சுற்றிச் சுற்றி அரைப்பதற்கு இடம் குறைகிறது. அடுத்து, ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும்போது மூச்சு அதற்கேற்ப நீள்கிறது. மூச்சை வெளியே விடும் நேரம் நீண்டால், உடலை அமைதிப்படுத்தும் துணைப்பரிவு நரம்புகளின் வழியாக இதயம் நிதானப்படும். இது உடலின் இயல்பான அமைப்பு. பயிற்சி பெற்றவருக்கு மட்டும் வாய்ப்பது என்று நினைக்க வேண்டாம். மூன்றாவது, கண் ஒரே இடத்தில் நிலைக்கிறது. கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வலை பொத்திக்கொண்டிருக்கும் தாத்தாவைக் கூப்பிட்டால் இரண்டாவது அழைப்புக்குத்தான் நிமிர்வார்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலும் உடன் பணியாற்றியவர்களும் 39 பெரியவர்களை 45 நிமிடங்கள் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்படம் ஆகியவற்றில் விருப்பமானதைச் செய்யவிட்டு, முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்டிசாலை அளந்தார்கள். 2016-இல் வெளிவந்த அந்த ஆய்வில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அளவு குறைந்திருந்தது. கலையில் முன்பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு இதில் பெரிதாகத் தெரியவில்லை. வகுப்பில் யாராவது "எனக்குக் கோடே நேராக வராது" என்று தயங்கும்போது நான் முதலில் சொல்வது இந்த முடிவைத்தான்.

இதோடு இன்னும் இரண்டு செய்திகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மீதிக் கால்வாசிப் பேருக்கு அளவு குறையவில்லை, சிலருக்குக் கூடவும் செய்தது. மேலும், விழித்தெழுந்து அரைமணி முக்கால்மணி நேரத்தில் கார்டிசால் உச்சத்துக்கு ஏறி, பொழுது சாயச் சாய இறங்குவது உடலின் இயற்கை. ஆகவே காலையில் அமர்ந்து வரைந்தபின் கிடைக்கும் நிம்மதி முழுவதையும் கலையின் கணக்கில் எழுதிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கலைகளும் நலமும் பற்றி 900-க்கும் மேற்பட்ட வெளியீடுகளைத் திரட்டி ஓர் அறிக்கை தந்தது. கலை மருந்தோடு சேர்ந்து நிற்கும் துணை. இந்த அளவில் வைத்துக்கொண்டால் நம்பிக்கையோடு தொடங்கலாம்.

துயரத்தை வரைவது பிறகு

அந்த அக்கா எழுந்து போனபின் நான் தேடிப் படித்தவற்றில் இரண்டு ஆய்வுகள் என் வகுப்பையே மாற்றின. ஜெனிஃபர் டிரேக், எலன் வின்னர் என்ற உளவியலாளர்கள், மனம் வருந்தியிருந்தவர்களில் ஒரு பகுதியினரை அந்த வருத்தத்தையே வரையச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினரை அதோடு தொடர்பில்லாத வேறு எதையாவது வரையச் சொன்னார்கள். மனநிலை நன்றாகத் தேறியது இரண்டாவது பகுதியினருக்கு. 2005-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, பதற்றத்தோடு இருந்த கல்லூரி மாணவர்களிடம் வட்ட வடிவக் கோலம்போன்ற படம், கட்டம் போட்ட வடிவம், வெற்றுத் தாள் என்ற மூன்றில் ஒன்றைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னது. வெற்றுத் தாள் கிடைத்தவர்களைவிட வடிவம் கிடைத்தவர்களுக்குப் பதற்றம் நன்கு குறைந்தது.

வெற்றுத் தாள் கலங்கிய மனதுக்குச் சுமை. எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது, நன்றாக வருமா என்று அதுவும் கேள்வி கேட்கிறது. புள்ளி வைத்த தரையோ வார்ந்துவைத்த ஓலையோ அப்படிக் கேட்பதில்லை. அடுத்த அடி எது என்று அதிலேயே இருக்கிறது. நம் ஊர்ப் பெண்கள் இதை ஆய்வுக்கு முன்பே கையில் வைத்திருந்தார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

முதல் படி: காற்றைப் பார்த்து இடம் பிடித்தல்

வீட்டுத் திண்ணை போதும். ஆனால் கரையில் உட்கார்ந்து செய்ய ஆசைப்படுகிறவர்கள் பருவம் பார்க்க வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை கச்சான் வீசும்போது தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், மணல் பறந்து கண்ணில் விழும். அந்த மாதங்களில் வடகடலான பாக் விரிகுடாப் பக்கம், அரியமான், தங்கச்சிமடத்தின் வடகரை போன்ற இடங்கள் அமைதியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை தொடங்கினால் இது தலைகீழாகும். அப்போது பாம்பனின் தென்கரையில் குந்துக்கால் பக்கம் உட்காரலாம். 1897-இல் விவேகானந்தர் வந்து இறங்கிய இடம் அது.

வெயில் ஏறும் முன் காலை ஆறரை முதல் எட்டு வரை, இல்லையென்றால் மாலை ஐந்துக்குப் பின். தண்ணீர்ப் பாட்டில் கட்டாயம். உடல் சூடேறித் தலை கனத்தால் அதைக் கவலையென்று மனம் தவறாக எடுத்துக்கொள்ளும். முதுகுக்குச் சாய்மானம் இருக்கட்டும். தரையில் உட்கார முடியாதவர்கள் நாற்காலி கொண்டுவரலாம். குனிந்தே இருந்து கழுத்து பிடித்துக்கொண்டால் வந்த பலன் போய்விடும்.

பொருள்களுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். கெட்டியான அட்டை போட்ட நோட்டு, 4பி அல்லது 6பி பென்சில், தாள் பறக்காமல் இருக்க இரண்டு கிளிப். அழிப்பான் வேண்டாம், காரணம் கீழே வருகிறது. உப்புக்காற்றில் தாள் சீக்கிரம் நமுத்துப்போகும். வீட்டுக்கு வந்ததும் நோட்டை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உலர்ந்த இடத்தில் வையுங்கள். இரும்பு முள் பேனா இரண்டு வாரத்தில் துருப்பிடிக்கும். டர்பெண்டைன் கலந்த எண்ணெய் வண்ணத்தை மூடிய அறையில் புதியவர்கள் தொடவே வேண்டாம். அந்த நெடியே தலைவலியும் படபடப்பும் தரும்.

இரண்டாம் படி: தொடங்கும் முன் உடம்பைக் கேளுங்கள்

நோட்டின் மூலையில் மூன்று குறிப்புகள். மணிக்கட்டில் விரல் வைத்து அரை நிமிடம் நாடி எண்ணி இரண்டால் பெருக்கி எழுதுங்கள். உடம்பில் இறுக்கம் இருக்கும் இடத்தை ஒரு சொல்லில் எழுதுங்கள்: தாடை, தோள், வயிறு, பிடரி. கவலை எத்தனை என்று 0 முதல் 10 வரை ஓர் எண் போடுங்கள். முடித்தபின் இதே மூன்றையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

இது பரீட்சை என்று நினைக்க வேண்டாம். நாடி குறையாத நாளும் வரும். ஆனால் பத்து நாள் குறிப்பு சேர்ந்தபின் திருப்பிப் பார்த்தால் உங்கள் உடம்புக்கு எந்த வேலை பிடிக்கிறது என்பது தெரிந்துவிடும். எங்கள் வகுப்பில் ஒருவருக்குக் களிமண்ணில்தான் எண் இறங்கும், கோலத்தில் ஏறும். சிறுவயதில் கோலம் பிசகினால் அடி வாங்கியவராம். அவருடைய தோள் அதை இன்னும் மறக்கவில்லை. யாருக்கு எது ஒத்துவரும் என்பதை மற்றவர் சொல்ல முடியாது என்பதால்தான் இந்தக் குறிப்பை வற்புறுத்துகிறேன்.

மூன்றாம் படி: பதின்மூன்று புள்ளியில் ஒரு சிக்குக் கோலம்

தாளின் நடுவில் 5 புள்ளிகள் ஒரே வரிசையில், இரண்டிரண்டு செ.மீ. இடைவெளியில் வையுங்கள். மேலே 3, அதற்கு மேலே 1. கீழேயும் அப்படியே 3, 1. எல்லாம் நேர்ப்புள்ளி. மொத்தம் 13. இந்தப் புள்ளிக்கு வீட்டில் அம்மாவோ அத்தையோ அறிந்த சிக்கு ஒன்று கட்டாயம் இருக்கும், கேட்டு வாங்குங்கள். கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றிவந்து, புறப்பட்ட இடத்திலேயே சேர வேண்டும். ஒரே கோட்டில் முடிகிற வடிவங்களும் இந்தப் பதின்மூன்று புள்ளியில் உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பென்சில் வேண்டாம். ஆட்காட்டி விரலால் அந்தக் கோட்டின் வழியை மூன்று முறை தடவிப் போங்கள். விரல் நுனியில் தாளின் சொரசொரப்பு தெரிய வேண்டும். நான்காவது முறை பென்சிலால். நீண்ட வளைவு வரும்போது மூச்சை மெல்ல வெளியே விடுங்கள், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே குறுக்கே வெட்டும் இடத்தில் உள்ளே இழுங்கள். இரண்டு சுற்றுக்குப் பிறகு மூச்சை நீங்கள் நடத்த வேண்டியதில்லை, கோடே நடத்தும்.

வழி தவறும். நிச்சயம் தவறும். அழிப்பான் கேட்கும் இடம் இதுதான். அழிக்காமல், கடைசியாகச் சரியென்று தெரிந்த வளைவுக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து அதன்மேலேயே தொடருங்கள். அழிக்கத் தொடங்கினால் கண் தவறைத் தேட ஆரம்பித்துவிடும். தோள் மேலே ஏறும். தவறிய கோடு தாளில் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரே கோலத்தை ஐந்து நாள் போடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தினமும் புதிது தேடினால் மனம் தேர்வு செய்வதிலேயே களைத்துவிடும். மூன்றாம் நாள் சலிப்பு வரும், நான்காம் நாள் அந்தச் சலிப்பு அமைதியாக மாறுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். ஐந்து நாளுக்குப் பின் கை அந்த வழியை அறிந்துகொண்டுவிடும். அப்போது நடு வரிசையில் 7 புள்ளி உள்ள கோலத்துக்குப் போகலாம். திறமையும் வேலையின் கடினமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்போதுதான் நேரம் போவது தெரியாமல் ஒன்றிப்போகிறோம் என்று உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னார். மிக எளிதாக இருந்தால் மனம் பழைய கவலைக்கே ஓடும், மிகக் கடினமாக இருந்தால் புதுக் கவலை ஒன்று சேரும். 5-லிருந்து 7-க்கு, 7-லிருந்து 9-க்கு என்று போவதன் நியாயம் அது.

ஆண்கள் சிலர் கோலத்துக்குக் கூச்சப்படுவார்கள். அவர்களை வற்புறுத்துவதில்லை. வலை ஊசியும் நூலும் ஒரு சிறு கட்டையும் கொடுத்து வலைக்கண் பின்னச் சொல்வேன். ஊசியை நுழைத்து, சுற்றி, இழுத்து, முடிச்சு. கரையில் யாரிடம் கேட்டாலும் சொல்லிக்கொடுப்பார்கள். உடம்புக்கு இரண்டும் ஒன்றே.

நான்காம் படி: ஓலை

இதை எழுதும்போது பெரியம்மாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சாயல்குடிப் பக்கம் பனங்காட்டு ஊர் அவருடையது. பெரியப்பா காலமாகிப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில், யாரிடமும் சொல்லாமல் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். ஈரத் துணியில் சுற்றிவைத்த குருத்தோலையை உருவி மடியில் போட்டுக்கொண்டார். அதுவரை பதினாறு நாளும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர். நான் அப்போது எட்டாம் வகுப்பு. எதிர்த் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடது பெருவிரலால் ஓலைகள் சேரும் இடத்தை அழுத்திப் பிடித்துக்கொள்வார். வலது கை ஓர் ஓலையை மேலே தூக்கும், இன்னொன்றைக் கீழே நுழைக்கும். ஒன்று மேலே, ஒன்று கீழே. ஒவ்வொரு வரி முடிந்ததும் நகத்தால் தட்டி நெருக்குவார், 'டக்' என்று ஒரு சத்தம். மூலை மடக்கும் இடம் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். மடங்கிப் படிந்ததும் "உம்" என்று நீளமாக வெளியே விடுவார். அந்த மூச்சில் தோள் இரண்டும் ஒரு விரற்கடை இறங்குவதை நான் பார்த்தேன். நான்கு மூலைக்கும் நான்கு முறை. மதியம் ஒரு சிறிய பெட்டி முடிந்திருந்தது. "சோறு இருக்கிறதா?" என்று கேட்டார். பதினாறு நாளில் அவராகக் கேட்டுச் சாப்பிட்டது அன்றுதான்.

அப்போது அது எனக்குப் புரியவில்லை. முறுக்கேறிய உடம்பு செரிமானத்தைத் தள்ளிவைத்திருந்தது என்பதையும், அது தளர்ந்ததும் வயிறு தன் குரலை மீட்டுக்கொண்டது என்பதையும் பல வருடம் கழித்தே அறிந்தேன். பெரியம்மாவின் துயரம் அன்று போய்விடவில்லை. சாப்பிட்டார், இரவு உறங்கினார். அந்த அளவுக்கு அது உதவியது.

நீங்கள் செய்ய: உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, வார்ந்த ஓலையாகவே ஓலை வேலை செய்யும் பெண்களிடம் விலைக்கு வாங்குங்கள். சாயல்குடி, பெரியபட்டினம் பக்கம் கேட்டுப் பார்க்கலாம். விலையில் பேரம் பேசாதீர்கள், பனையிலிருந்து அந்த ஓலை மடிக்கு வரும்வரை அதில் பெரும் உழைப்பு இருக்கிறது. முடையத் தொடங்கும் முன் ஈரத் துணியில் சுற்றிவைத்தால் விரல் வெட்டாது, ஓலையும் ஒடியாது. முதல் இரண்டு நாள் எட்டுக்கு எட்டு ஓலையில் தட்டையாக ஒரு சிறு பாய்போல முடையுங்கள். மூலை மடக்குவது மூன்றாம் நாள். அதைப் படித்துக் கற்பது கடினம். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டும். அப்படி இன்னொருவர் அருகில் உட்கார்ந்து, பேச வேண்டிய கட்டாயம் இல்லாமல் இருவரும் கைவேலையில் இருப்பதும் உடம்புக்கு நல்லது.

களிமண்

கோபம் உள்ளவர்களுக்கு இது. கோலத்துக்கும் ஓலைக்கும் நிதானம் வேண்டும், கோபத்தில் கொதிக்கும் கைக்கு அது வராது. மண்பாண்டம் செய்கிறவரிடம் பிசைந்த மண்ணாக ஓர் உருண்டை வாங்குங்கள். பலகையில் அடித்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தி, மடித்து, மறுபடி அழுத்துங்கள். பத்து நிமிடம் உருவம் எதுவும் வேண்டாம். மேற்கைத் தசைகள் வேலை செய்து களைக்கட்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஓர் எலுமிச்சம்பழ அளவு உருண்டை செய்து, பெருவிரலால் நடுவில் குழித்து அகல் விளக்கு ஒன்று செய்யுங்கள். மண்ணின் குளிர்ச்சியும் உலர்ந்தபின் விரலில் இழுக்கும் இறுக்கமும் கவனத்தை உள்ளங்கைக்கே கொண்டுவந்துவிடும். மணிக்கட்டு வலி உள்ளவர்கள் இதைத் தவிர்க்கலாம்.

ஐந்தாம் படி: பார்த்து வரைதல்

இரண்டு மூன்று வாரம் கைக்கு ஒழுங்கு பழகியபின் எதிரில் இருக்கும் பொருளுக்கு வரலாம். சிப்பியில் தொடங்குவது எளிது. அதன் வரிகளே உங்களுக்குக் கோடு. தாளைப் பார்க்காமல் சிப்பியின் ஓரத்தை மட்டும் கண்ணால் ஊர்ந்து, அதே வேகத்தில் கையையும் ஊரவிடுங்கள். படம் சிப்பிபோல வராது. கண் எத்தனை மெதுவாகப் போகிறதோ அத்தனை மெதுவாக உடம்பும் அடங்கும். பயன் அதில்தான்.

ஒரு வேண்டுகோள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பவளம், கடல் விசிறி, கடல் அட்டை, கடற்குதிரை ஆகியவற்றை உயிரோடோ உலர்ந்தோ எடுப்பதும் வைத்திருப்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சில சங்கு வகைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. கரையில் கிடந்ததுதானே என்று பவளத் துண்டை எடுத்து வீட்டு அலமாரியில் வைக்காதீர்கள். கிடந்த இடத்திலேயே உட்கார்ந்து வரைந்துவிட்டு அங்கேயே விட்டுவாருங்கள். காலிச் சங்குக்குள்ளும் சில சமயம் துறவி நண்டு குடியிருக்கும். கையில் எடுத்தால் ஒரு நிமிடம் காத்திருந்து பாருங்கள்.

மழை நாளில் ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்துக்குப் போகலாம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேதுபதிகள் காலத்தில் தீட்டிய சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன: ராமாயணக் காட்சிகள், போர், சேதுபதி ஐரோப்பியரைச் சந்திக்கும் காட்சி. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். ஒரே ஓர் உருவத்தின் முன் பத்து நிமிடம் நின்று, அதன் கையை மட்டும், விரல்கள் மடங்கியிருக்கும் விதத்தை மட்டும் பாருங்கள். பார்க்கும்போதே உங்கள் விரலும் லேசாக அப்படி மடங்கப் பார்க்கும். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து வரையுங்கள்.

எங்கே நிறுத்த வேண்டும்

வரையும்போது அழுகை வந்தால் பயப்பட வேண்டாம். இறுகியது தளரும்போது கண்ணீரும் வரும். அழுது முடித்ததும் மூச்சு இலகுவாக இருந்தால் தொடரலாம். ஆனால் நெஞ்சு படபடத்து அடங்கவில்லை, கை விறைத்துக் குளிர்ந்துவிட்டது, பழைய காட்சி ஒன்று கண்முன் ஓடி நிற்கவில்லை என்றால் பென்சிலைக் கீழே வைத்துவிடுங்கள். எழுந்து நடங்கள், முகம் கழுவுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள். அன்றைக்கு அது போதும்.

தூக்கம் வாரக்கணக்கில் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ வேண்டாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் கோலமும் ஓலையும் போதாது. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநலச் சேவையைக் கட்டணமில்லாமல் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இதைத் தயங்காமல் செய்யுங்கள் என்று இந்தக் கரையில் இருந்துகொண்டு நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று நம் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஓரிடத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. மனம் நோவதை வெட்கமென்று மூடி மறைக்கும் பழக்கத்துக்கு நம் மாவட்டம் கொடுத்த விலை அது. எனக்கு அது வெறும் பழைய செய்தியல்ல.

மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள், கலை பழகி நன்றாக இருக்கிறது என்று தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது. நாடிக் குறிப்பு நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள், அவருக்கும் அது உதவும்.

ஆறாம் படி: படகு

அந்த அக்கா மூன்று வாரம் கழித்து வகுப்புக்குத் திரும்பி வந்தார். நான் எதையும் கேட்கவில்லை. பதின்மூன்று புள்ளி வைத்த தாளைக் கொடுத்தேன். முதல் நாள் ஒன்று, அடுத்த வாரம் நான்கு. மகன் இன்னும் வந்திருக்கவில்லை. நோட்டின் மூலையில் அவர் எழுதிய எண் 9-லிருந்து 7-க்கு வரும், மறுவாரம் 8-க்கு ஏறும். மாசி மாதத்தில் ஒரு நாள், கோலம் போட்ட தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் தானாகவே கயிறு வரையத் தொடங்கினார். நங்கூரக் கயிறு. புரியைப் புரியாக, ஒன்றை ஒன்று சுற்றி, சிக்குக் கோலம் இழுக்கும் அதே நிதானத்தில். மூச்சு சீராக இருந்தது. கயிறு தாளின் ஓரம்வரை போனதும், "இன்னொரு தாள் கொடுங்கள் டீச்சர், படகு அதில் வரும்" என்றார்.

உங்களுக்கும் இந்த வரிசையையே சொல்வேன். நேரே முகத்துக்குப் போகாதீர்கள், ஆளுக்கும் போகாதீர்கள். கயிறு, பிறகு மிதவை, பிறகு அணியத்தில் வண்ணம் உரிந்த பலகை, பிறகு பின்பகுதியான அமரம், பிறகு முழுப் படகு. ஒரு பொருளுக்கு ஒரு வாரம். நாடியும் எண்ணும் ஒவ்வொரு முறையும் குறித்துவையுங்கள். எண் ஏறினால் ஒரு படி பின்னால் போய்க் கோலத்துக்கோ ஓலைக்கோ திரும்புங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல், பழுது பார்க்கவும் வண்ணம் அடிக்கவும் கரையேறி நிற்கும். அசையாத படகை அருகில் உட்கார்ந்து வரைய அதுதான் காலம். வேலை செய்துகொண்டிருப்பவர்களிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு, படகின் நிழல் விழும் பக்கமாக உட்காருங்கள்.